பிரிக்காத சீட்டு

குத்துக்கல்வலசை,
16-9-2025

அன்புள்ள யோகு,

நூறு வரியிலும் பூ என்றே வந்திருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஒரு தலைகூட இல்லை. பிரிண்டரிலிருந்து தாள் இறங்க இறங்க, பூ, பூ, பூ என்று கீழே வரைக்கும் ஒரே வரிசை. 

நீ நலமா? ஹாஸ்டல் சாம்பார் இன்னும் இனிக்கிறதா? இங்கே எல்லாரும் நலம். அம்மா இப்போது யாரையும் பிடிக்காமல் தெருக் குழாய் வரை நடக்கிறாள். குடத்தை மட்டும் நான் தூக்கவிடுவதில்லை. குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது. லாட்ஜில் ஆளைவிடக் குரங்குதான் அதிகம் என்கிறார் அப்பா. போன வாரம் ஒன்று மூன்றாம் மாடியில் புகுந்து, யாரோ விட்டுப்போன எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டதாம். "மசாஜ் பண்ண ஆள் மட்டும்தான் இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தபோது நான் வேலை பார்க்கிற ரிஃபாத் அக்கா கடைக் கம்ப்யூட்டரில் பைத்தானை ஏற்றி, உன் காலேஜ் நோட்ஸையும் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா. "கணக்குல என்னய முந்துனவளுக்கு இது வராமலா போயிரும்" என்றாய். அந்தப் பேச்சை நம்பித்தான் உட்கார்ந்தேன். காசு சுண்டும் புரோகிராம். கம்ப்யூட்டர் பூஜ்யம் அல்லது ஒன்று என்று ஏதாவது ஒரு எண்ணைத் தானாக எடுக்கவேண்டும். ஒன்று வந்தால் பூ, பூஜ்யம் வந்தால் தலை. இப்படி நூறு தடவை சுண்டி, எத்தனை பூ என்று கடைசியில் சொல்லவேண்டும். எழுதி ஓட்டினேன். நூறும் பூ. பயந்துபோய் மறுபடி ஓட்டினேன். நூறும் தலை. மூன்றாம் தடவை மறுபடியும் நூறு பூ.

ரிஃபாத் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "ஏ புள்ள, ஆதார் திருத்த நாலு பேரு நிக்காவ. நீ இங்கன பூ கட்டிட்டு இருக்க" என்றாள். பிறகு தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நூறும் ஒண்ணு போலயா? பேய் புகுந்த கம்ப்யூட்டரா இருக்கும்டி. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா" என்றாள். சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இதைப் போனில் கேட்கலாம்தான். அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைப்பார். நீயும் "நாச்சி பேசுட்டி, பேசுட்டி" என்பாய். அப்போதுதான் என் வாய்க்குப் பூட்டு விழும். அதனால் கடிதம். கடையில் தப்பாகப் பிரிண்ட் விழுந்த தாள்தான். பின்பக்கம் புரோகிராம் இருக்கிறது. எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்.

பத்து நிமிஷம் பிந்திப் பிறந்த,
நாச்சி


கோயம்புத்தூர்,
24-9-2025

என் அன்பு நாச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் ரூம்மேட் நீலாவும் சிரித்த சிரிப்பில் வார்டன் வந்து கதவைத் தட்டிவிட்டார். பேயும் இல்லை, எலுமிச்சம்பழமும் வேண்டாம். உன் தப்பு ஒரே ஒரு வரி.

சுண்டுகிற வரியை லூப்புக்கு, அதாவது நூறு தடவை திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, வெளியே மேலே எழுதியிருக்கிறாய். அதனால் நீ காசை ஒரே ஒரு தடவைதான் சுண்டுகிறாய். பிறகு நூறு தடவையும் தரையில் கிடக்கிற அதே காசைக் குனிந்து குனிந்து பார்த்து எழுதிக்கொள்கிறாய். லூப் தொடங்கும் முன்பே முடிவு ஆகிவிட்டது. அந்த வரியைக் கீழே இறக்கி, லூப்புக்குள் நாலு இடம் தள்ளி வை. சரியாகிவிடும்.

இன்னொன்று. நீ பூவை மட்டும் எண்ணுகிறாய். மிச்சமெல்லாம் தலையாகத்தான் இருக்கும் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். எங்கள் லேப் மிஸ் இதற்குத்தான் மார்க்கைக் குறைப்பார். இரண்டையும் தனித்தனியாக எண்ணு. கூட்டினால் நூறு வருகிறதா என்று பார். எண்ணாமல் விட்ட பக்கத்தில்தான் தப்பு ஒளிந்திருக்கும் என்பார் மிஸ். பிறகு, நூறு என்ற எண்ணை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். மேலே ஒரே இடத்தில் 'தடவை' என்று பெயர் வைத்து எழுது. நாளைக்கு ஆயிரம் வேண்டுமானால் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

முதல் புரோகிராமிலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டாய். நான் முதல் வாரம் முழுக்க என் பெயரைத் திரையில் வரவைக்கவே திண்டாடினேன். அதை யாரிடமும் சொல்லாதே.

அம்மாவுக்கு என் முத்தம். குரங்குக்கும்.

யோகு


குத்துக்கல்வலசை,
8-10-2025

அன்புள்ள யோகு,

நாற்பத்தேழு பூ, ஐம்பத்து மூன்று தலை. கூட்டினால் நூறு! நீ சொன்ன வரியைக் கீழே இறக்கி ஓட்டியதும் பூவும் தலையும் கலந்து கலந்து வந்தன. ரிஃபாத் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு நான் ஒரு ரூபாயத் தூக்கிப் போட்டே சொல்லியிருப்பனே" என்றாள். ஆனாலும் அன்று மத்தியானம் கடையநல்லூரிலிருந்து வந்த தன் மாமியிடம், "இந்தப் புள்ள கம்ப்யூட்டருக்கே தப்பு திருத்துதாளாக்கும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்போது இன்னொரு செய்தி. வீட்டிலிருந்தே படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாமாம். திறந்தநிலைப் பள்ளி என்று பெயர். சனி ஞாயிறு மட்டும் தென்காசியில் வகுப்பு. ரிஃபாத் அக்காதான் விசாரித்து, விண்ணப்பத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவிடம் நீட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, நீட்டினேன், அவ்வளவுதான். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

அதே வாரம் செங்கோட்டை அத்தையின் போன். அத்தை மகள் மீனு மைனிக்குத் தை மாதம் பேறுகாலம். அத்தைக்கு மூட்டுவலி. கூடமாட இருக்க என்னை ஆறு மாதம் அனுப்பி வைக்கவேண்டுமாம். அங்கே போனால் இந்த வகுப்பு நடக்காது.  மறுநாள் அப்பா, "கார்த்திகை வெள்ளில பிள்ளையார்ட்ட கேட்ருவோம்" என்றார்.

கேட்பது எப்படி என்று உனக்குத் தெரியும். இரண்டு சீட்டு. ஒன்றில் படிப்பு, ஒன்றில் செங்கோட்டை. மடித்துத் தட்டில் குலுக்கிப் பிள்ளையார் முன்னால் போடுவார். பக்கத்து வீட்டுச் சஹானாக் குட்டி ஒன்றை எடுப்பாள். அதைப் பிரித்துப் படிப்போம். மற்றது பிரிக்காமலே சிற்றாற்றுக்குப் போகும். சாமி வேண்டாம் என்று சொன்னதை மனுஷர் படிக்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம்.

பூவையும் தலையையும் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இது மனதில் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இன்னொரு சீட்டை நாம் ஒருதடவையாவது பிரித்திருக்கிறோமா?

நினைவு தெரிந்து அப்பா எட்டுத் தடவை சீட்டுப் போட்டிருக்கிறார். போர்வெல் போட வடக்கு மூலையா தெற்கு மூலையா என்று ஒன்று. திருப்பூருக்குப் போவதா லாட்ஜ் வேலையா என்று ஒன்று. கடைசியாக, அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, ஒரு வருஷம் படுக்கை என்று டாக்டர் சொன்னபோது, நம் இருவரில் யார் பள்ளிக்கூடம் போவது, யார் பத்தாம் வகுப்போடு வீட்டில் நிற்பது என்று. உன் பெயர் வந்தது. எட்டிலும், அப்பா அதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது எதைச் சொன்னாரோ அதுதான் வந்தது. சாமிக்கும் அப்பாவுக்கும் ஒரே மனசு என்று அம்மா சொல்வாளே.

எட்டுத் தடவை சுண்டி, எட்டும் பூவாக விழுவது எவ்வளவு அபூர்வம் என்று புரோகிராமைக் கேட்க ஆசையாக இருக்கிறது. அதற்கு எப்படி மாற்றவேண்டும்? எழுது. தீபாவளிக்கு நீ வந்ததும் இரண்டு பேருமாக ஓட்டிப் பார்ப்போம். உனக்கு வாங்கிய சுடிதாருக்கு அம்மா பக்கம் பிடித்து வைத்திருக்கிறாள்.

உன் நாச்சி


கோயம்புத்தூர்,
17-10-2025

நாச்சிக்கு,

நலம். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வரமுடியாது. இன்டர்னல் டெஸ்டும் இருக்கிறது. அம்மாவிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு.

எட்டும் ஒரே பக்கம் விழுவது நடக்காத காரியம் இல்லை. பிடித்தது வந்ததை மட்டும் நீ ஞாபகம் வைத்திருப்பாய். மனுஷ மனசு அப்படித்தான். அதைப் போட்டுக் குடையாதே. அடுத்த புரோகிராமுக்குப் போ. பெருக்கல் வாய்ப்பாடு எழுதிப் பார்.

யோகு


குத்துக்கல்வலசை,
27-10-2025

அன்புள்ள யோகு,

கமா எங்கே வரும் என்று கேட்டால்கூட நீ இரண்டு பக்கம் எழுதுகிறவள். இந்தத் தடவை ஒன்பது வரிதான் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் சுடிதார் பீரோவில் இருக்கிறது. அம்மா அதிரசத்தை உனக்கென்று ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "ரயில்ல எடம் இல்லாட்டி என்ன, சதுர்த்திக்கு நின்னுட்டே வந்தாளே" என்றாள்.

நீ சொல்லாவிட்டாலும் நானே எழுதினேன். லூப்புக்குள் இன்னொரு லூப். உள்ளே இருப்பது எட்டுத் தடவை சுண்டும். எட்டும் பூவாக இருந்தால் மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ளும். வெளியே இருப்பது இதைப் பத்தாயிரம் தடவை செய்யும். மூன்று நாள் ஆனது. ஒரு நாள் முழுக்க எண்ணிக்கையை மறுபடி பூஜ்யமாக்க மறந்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாயிரத்தில் நாற்பத்து மூன்று. மறுபடி ஓட்டினேன். முப்பத்தாறு. கையால் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்றுதான்.

நீ சொன்னதையும் யோசித்தேன். எனக்குப் பிடித்த மாதிரி நானே பொறுக்கி எண்ணியிருப்பேனோ என்று. அதனால் அம்மாவிடம், அப்பா நினைத்ததற்கு மாறாக எப்போதாவது சீட்டு வந்ததா என்று கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தாள். "இல்லியே. அவுக வாக்கு அப்படி" என்றாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று நடக்கக்கூடியதுதான். அப்படியே நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று போனில் பேசினார். "தை பொறந்ததும் நாச்சியக் கூட்டிட்டு வந்து விடுதேன்க்கா. நீ வெசனப்படாத" என்றார். அத்தையிடம். சீட்டுப் போட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கையில் இருந்த துணியெல்லாம் கீழே விழுந்துவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னட்டி?" என்றார். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் எனக்கு என் முதல் தாள் ஞாபகம் வந்தது. நூறும் பூ. லூப் தொடங்கும் முன்பே முடிவு ஆகிவிட்டது என்று நீ எழுதினாயே, அது. இரண்டு சீட்டிலும் ஒரே பெயர் எழுதியிருந்தால் சஹானா எதை எடுத்தால் என்ன, யார் குலுக்கினால் என்ன.

யோகு, நம் சீட்டு போட்ட அன்று மற்ற சீட்டை ஆற்றில் போட அப்பா உன் கையில்தான் கொடுத்தார். நீ படித்துறைக்குப் போய்விட்டு வர ரொம்ப நேரம் ஆனது. வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். நான் போகமுடியாமல் போனதற்காக நீ அழுகிறாய் என்று நினைத்து, நானே உனக்குத் தலை கோதிவிட்டேன்.

நீ அதைப் பிரித்துப் பார்த்தாயா?

நாச்சி


கோயம்புத்தூர்,
5-11-2025

நாச்சி,

பார்த்தேன்.

இதை எழுத ஏழு நாள் ஆகிவிட்டது. நாலு தாள் கிழித்தேன். நீலா என்னவென்று கேட்டாள். வயிற்றுவலி என்று சொன்னேன்.

எதற்காகப் பிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பெயர் வந்ததே என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. படித்துறையில் உட்கார்ந்தேன். உன் பெயரைத் தண்ணீரில் விடப் போகிறோமே, விடும் முன்னால் ஒரு தடவை அதைப் பார்த்து, மன்னிச்சிரு நாச்சி என்று சொல்லிவிட்டு விடலாம் என்றுதான் பிரித்தேன். உள்ளே யோகலட்சுமி என்று இருந்தது. அப்பாவின் கையெழுத்து. உன் பெயர் எதிலுமே இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்த சீட்டையே மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகுதான் இரண்டிலும் என் பெயரையே எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. எதிர்க்கரையில் யாரோ ஜமுக்காளம் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் மறுபடி சீட்டுப் போட்டிருப்பார்கள். மறுபடி போட்டால் உன் பெயர் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி. அந்தப் பாதியை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். நீ வாய் பேசாதவள் என்று ஊரெல்லாம் சொல்லும். நானோ பேசவேண்டிய நேரத்தில் பேசாதவள்.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு தடவை அவர் அத்தையிடம் சொன்னதிலிருந்து புரிந்தது. "யோகு எங்க போட்டாலும் பொழச்சுக்கிடுவா. நாச்சி வாயத் தொறக்க மாட்டா, அவளால வெளிய நிக்க முடியாது" என்றார். கணக்கில் நீ எப்போதும் என்னைவிடக் கூட மார்க். அது அவருக்கும் தெரியும்.

அந்தச் சீட்டை ஆற்றில் போட எனக்குக் கை வரவில்லை. இரண்டரை வருஷமாக என் ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

நீ எப்படித் திட்டினாலும் படிப்பேன். எழுது.

யோகு


கோயம்புத்தூர்,
18-11-2025

நாச்சி,

கடிதம் கிடைத்ததா? அப்பா போன் செய்தபோது உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை சீட்டுப் போடுகிறார்களாம். அத்தையும் வருகிறாளாம். நான் அப்பாவிடம் பேசட்டுமா? நீ சொன்னால் இப்போதே பேசுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டுகூட வருகிறேன். ஒரு வரி எழுதிப் போடு.

யோகு


குத்துக்கல்வலசை,
29-11-2025

யோகு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, எப்போது ஆறும் என்றும் தெரியவில்லை. அப்பாமேல் வந்ததைவிட உன்மேல்தான் அதிகம் வந்தது. அன்று நான் உனக்குத் தலை கோதிவிட்டேன் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் நேற்று நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

அத்தை காலை பஸ்ஸிலேயே செங்கோட்டையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸோடு வந்து இறங்கிவிட்டாள். வந்ததும், "ஏட்டி, துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டாள். அம்மா, "மொதல்ல பிள்ளையாரு சொல்லட்டும் மைனி" என்றாள். "அவரு என்ன மாட்டேன்னா சொல்லப் போறாரு" என்று அத்தை சிரித்தாள்.

கோவிலில் நாங்கள் நாலு பேரும் சஹானாவும்தான். வெளியே ஐயப்ப சாமிமார் வேன் ஒன்று ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனது. அது போகும் வரை அப்பா காத்திருந்தார். "பாரத்தையும் கொண்டாட்டி, சாமி காலடில வைப்போம்" என்று என் விண்ணப்பத்தை வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்தார். சீட்டைக் குலுக்கிப் போட்டார். சஹானா இரண்டையும் எடுக்கப் போனாள். "ஒண்ணு போதும் தாயி" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

அப்பா பிரித்தார். செங்கோட்டை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அதுதான் வரும் என்று தெரியுமே. அப்பா மற்ற சீட்டை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் கொடுத்தார். "ஆத்துல போட்டுட்டு வா" என்றார்.

உன்னிடம் கொடுத்த மாதிரியே. படித்துறைக்குப் போய்த் தனியாகப் பிரிக்கலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. கால்கூட வாசல் பக்கம் திரும்பிவிட்டது. பிறகு நீ அங்கே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

நின்றேன். நீ அனுப்பிய பழைய சீட்டை இடுப்பில் செருகி வைத்திருந்தேன். அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். "இத இங்கனயே பிரிக்கேன்ப்பா" என்றேன். என் குரல் எலி கத்தின மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

அத்தைதான் முதலில் பதறினாள். "ஏ மூதி, சாமி வேண்டாம்னு சொன்னத வாசிக்கக் கூடாதுட்டி!"

அம்மா தட்டில் இருந்த பழைய சீட்டைப் பிரித்தாள். யோகலட்சுமி என்று வாசித்தாள். "இது எங்கன இருந்து வந்தது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அன்று எடுத்ததிலும் யோகு, எடுக்காததிலும் யோகு என்று. அம்மா அப்பாவையே பார்த்தாள். அவள் கை தூணைத் தேடிப் பிடித்தது. அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மறுக்கவில்லை. "பிரி" என்றார்.

பிரித்தேன். படிப்பு என்று இருந்தது.

நான் திருப்பிப் பார்த்தேன். மறுபடி படித்தேன். படிப்புதான்.  இரண்டிலும் செங்கோட்டை என்றுதான் இருக்கும், அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டவேண்டும் என்று பதினைந்து நாளாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அக்காட்ட அனுப்புதேன்னு வாக்குக் கொடுத்தது வாஸ்தவம். ஆனா ரெண்டுலயும் செங்கோட்டைன்னு எழுத உக்காந்தா கை வரலட்டி. ரெண்டு வருசமா உன் மூஞ்சியப் பாக்க முடியல. இந்தத் தடவதான் மெய்யாவே கேட்டேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு, நீ நில்லுட்டின்னு உன்ட்ட நேருக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல. அதான் பிள்ளையாரச் சொல்ல வச்சேன்" என்றார்.

நம் வீட்டில் வாய் வராதது எனக்கு மட்டும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

அம்மா பழைய சீட்டை நாலாக மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். சஹானா, "இன்னொண்ணு எடுக்கட்டா?" என்று கேட்டாள். 

அத்தை அப்பாவிடம் திரும்பினாள். "அது பழைய கதை. இன்னைக்கு ஒரு கள்ளமும் இல்லல்லா? ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாச்சுல்லா? நியாயமாத்தான் செங்கோட்டை வந்திருக்கு. பொறவு என்ன?"

அவள் சொன்னது சரிதான். காசை ஒழுங்காகச் சுண்டித்தான் இந்தத் தடவை நான் தோற்றிருக்கிறேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார்.

நான் பிள்ளையார் காலடியில் இருந்த விண்ணப்பத்தை எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த அருகம்புல்லைத் தட்டினேன். பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடம் மேலே வரும்படி மடித்து, அப்பாவின் மடியில் வைத்து, பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

நாச்சியார்